மாதம் 58 பவுண்டுக்கு எதை வாங்கினோம்? பிரிட்டனின் தனியார் மருத்துவக் காப்புறுதி பற்றி ஒரு பினாங்குத் தகப்பனின் மதிப்பீடு

நிராகரிப்புக் கடிதம் எழுதுவதிலேயே 26 ஆண்டுகளைக் கழித்தவன் நான். பினாங்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது ஜெலுத்தோங்கில் வசிக்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் 2024 மார்ச் இறுதியில் கைப்பேசிக்கு அனுப்பிய ஒரு பக்கக் கடிதத்தில், "உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்ற முதல் வரியைப் பார்த்ததுமே, அடுத்த வரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காப்புறுதியை வாங்கச் சொல்லி அவளை வற்புறுத்தியவனே நான்தான் என்பதை அவளிடம் எப்படிப் பேச்சில் எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. எனவே, இதைக் குற்றவாளியே கொடுக்கும் சாட்சியமாகவும் வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில், அவளுக்கு 34 வயதாக இருந்தபோது, தனியொருவருக்கான மருத்துவக் காப்புறுதி ஒன்றை எடுத்தாள். மாதம் 58 பவுண்டு. அதில் 6 பவுண்டுக்கு மேல், அந்நாட்டு அரசாங்கம் காப்புறுதிக் கட்டணத்தின்மீது விதிக்கும் 12 விழுக்காட்டு வரி. கோரிக்கை வைத்தால் முதல் 250 பவுண்டை அவளே கட்ட வேண்டும். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் தங்கள் விதியின்படிதான் நடந்தார்கள். அந்த விதியைப் படிக்காமல் விட்டது எங்கள் பக்கத்துக் குறை.

நான் ஏன் வற்புறுத்தினேன் என்பதற்குப் பினாங்குதான் காரணம். இங்கே அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமகன் ஒருவர் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்க்கலாம்; நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. கட்டணத்தைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. விடிவதற்குள் போய் எண் எடுத்து, பலகையில் அந்த எண் வரும்வரை பிற்பகல்வரை உட்கார்ந்திருப்பதுதான் குறை. அதனால் கொஞ்சம் வசதி வந்ததும் நம்மவர்கள் மருத்துவ அட்டை, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி, எடுக்கிறார்கள். அந்த அட்டை நமக்கு இன்னொரு முழு உலகத்தைத் திறந்துவிடுகிறது. இங்குள்ள பெரிய தனியார் மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சைப் பிரிவு உண்டு, தீவிரச் சிகிச்சைப் பிரிவு உண்டு. நெஞ்சு வலியென்று நள்ளிரவில் போனாலும் வாசலிலேயே அட்டையைக் கேட்பார்கள். அரசாங்க மருத்துவமனையின் படியையே மிதிக்காமல் ஒரு நோயாளி தன் நோயை முழுவதும் கடந்துவிட முடியும். பிரிட்டனிலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இழப்பீட்டுப் பிரிவில் இத்தனை ஆண்டு இருந்தவன் செய்திருக்கக் கூடாத தவறு அது.

அந்த நாட்டின் கதை வேறு. 1948 ஜூலை 5ஆம் தேதி, அனைரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, தேசிய சுகாதாரச் சேவை தொடங்கப்பட்டது. அதை அங்கே எல்லோரும் என்.எச்.எஸ். என்றே சொல்கிறார்கள். நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகள் அன்று ஒரே நாளில் அரசாங்கத்தின் கைக்கு மாறின. எதிர்த்து நின்ற நிபுணர்களைச் சமாதானப்படுத்த, அவர்கள் தனியாகவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெவன் விட்டுக்கொடுத்தார். இன்றைய தனியார் மருத்துவம் அந்த விட்டுக்கொடுப்பின் மேல்தான் நிற்கிறது. காலையில் என்.எச்.எஸ். மருத்துவமனையில் கத்தி பிடிக்கும் அதே நிபுணர்தான் மாலையில் தனியார் மருத்துவமனையில் கம்பளத் தரையின்மேல் நடந்து வருகிறார். அந்தத் தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் அவசரச் சிகிச்சைப் பிரிவு கிடையாது. பலவற்றில் தீவிரச் சிகிச்சைப் பிரிவும் கிடையாது. அறுவையின் நடுவில் நிலைமை மோசமானால் ஆம்புலன்ஸ் வந்து என்.எச்.எஸ். மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும்.

நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் காப்புறுதி ஆவணத்தை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தேன். "தீவிரமாகத் தோன்றிச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்" என்பதற்கு மட்டும்தான் காப்பு. நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களைக் கவனித்து வருவதற்கு இல்லை. அவசரச் சிகிச்சைக்கு இல்லை. சாதாரணப் பிரசவத்துக்கு இல்லை. குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு இல்லை. பல்லுக்குத் தனியே கட்ட வேண்டும். இவை அந்த ஒரு நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்நாட்டில் இவ்வகைக் காப்புறுதி பொதுவாகவே இப்படித்தான் எழுதப்படுகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்: மூட்டு, குடலிறக்கம், பித்தப்பை போன்ற நாள் குறித்துச் செய்யும் அறுவைகள், ஸ்கேன் எடுப்பது, நிபுணர் ஆலோசனை, புற்றுநோய்ச் சிகிச்சை. அதாவது, வரிசையில் நிற்க வேண்டிய இடங்களில் வரிசையைத் தாண்டிச் செல்வதற்கான சீட்டு. அந்தச் சீட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அதை மருத்துவமனை என்று நினைத்து வாங்கியதுதான் பிழை.

இதற்கு முன்பே என்.எச்.எஸ்.ஸுக்கு மகளும் மருமகனும் முழு விலையும் கொடுத்திருந்தார்கள் என்பதை நம்மூர்ப் பெற்றோர்கள் கவனிப்பதில்லை. விசாவுடன் சேர்த்துக் கட்டும் குடிநுழைவுச் சுகாதாரக் கட்டணம், 2021 மார்ச்சில் அவளும் மருமகனும் போனபோது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 624 பவுண்டாக இருந்தது. 2024 பிப்ரவரி 6ஆம் தேதி அது 1,035 ஆனது. மாணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் 776. மறுமாதம் இரண்டு ஆண்டுகளுக்கு விசாவை நீட்டித்தபோது, பேத்திக்கும் சேர்த்து 5,692 பவுண்டை ஒரே தவணையில் கட்டினார்கள். நம் பணத்தில் 30,000 வெள்ளிக்கு மேல். சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும் வருமான வரியும் தேசியக் காப்புறுதிப் பிடித்தமும் இதில் சேரவில்லை. இவ்வளவு கொடுத்தவர்கள் அந்தச் சேவையைப் பயன்படுத்தக் கூச்சப்படத் தேவையில்லை.

கூச்சப்படாமல் பயன்படுத்திய முதல் அனுபவம், 2022 ஜூலையில் பேத்தி பிறந்தது. உதவிக்குப் போயிருந்த என் மனைவி, மகளைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, கைப்பையை மார்போடு அணைத்தபடி பணம் கட்டும் கவுண்டரைத் தேடியிருக்கிறாள். தாதி ஒருத்தி, "என்ன வேண்டும்?" என்று கேட்டு, புரிந்ததும் சிரித்துவிட்டாளாம். கவுண்டரே இல்லை. அதற்குப் பிறகு பிரசவத் தாதி வீடு தேடி வந்து குழந்தையை எடை பார்த்துவிட்டுப் போனாள். பினாங்கில் தனியார் மருத்துவமனையில் எல்லாம் முடிந்து, பையைக் கட்டி வைத்துக்கொண்டு, செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வருவதற்காக மாலைவரை கட்டிலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நான் தொழிலின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன். அந்தக் கடிதங்களைத் தாமதப்படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

இனி முழங்காலுக்கு வருகிறேன். மலேசியப் பிள்ளை எங்கே போனாலும் பூப்பந்து மட்டையைக் கொண்டுபோகும். 2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, பின்பக்கம் விழுந்த பந்தை எடுக்கத் திரும்பியபோது வலது முழங்காலில் ஏதோ பிசகியது, மறுநாள் வீங்கியது, அடுத்த வாரம் படியிறங்கும்போது கால் பூட்டிக்கொண்டது. மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புப் பகுதி கிழிந்திருக்கலாம் என்றார் குடும்ப மருத்துவர். காப்புறுதி இருக்கிறதே என்ற தெம்பில் மகள் நிறுவனத்தை அழைத்தாள். அவர்கள் பணிவாகப் பேசினார்கள். குடும்ப மருத்துவரிடமிருந்து அவளுடைய பழைய குறிப்புகளை வரவழைத்தார்கள். இரண்டு வாரத்தில் கடிதம் வந்துவிட்டது.

காரணம் ஒரே வரி. 2021 ஜூனில், ஊருக்குப் புதிதாகப் போன நாளில், வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது, விளையாடிய பின் வலது முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் அதைப் பதிவு செய்து, ஓய்வெடுக்கச் சொல்லி, பாராசிட்டமால் பரிந்துரைத்திருக்கிறார். அவள் எடுத்திருந்த காப்புறுதி "மொரட்டோரியம்" என்ற முறையைச் சேர்ந்தது. சேரும்போது மருத்துவக் கேள்வி எதுவும் கேட்க மாட்டார்கள்; ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால், சேர்வதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் அறிகுறியோ ஆலோசனையோ சிகிச்சையோ இருந்த எந்த உபாதைக்கும், சேர்ந்தபின் தொடர்ந்து 2 ஆண்டுகள் அது தலைகாட்டாமல் இருந்தால்தான் காப்பு கிடைக்கும். அவள் சேர்ந்து 17 மாதங்கள் ஆகியிருந்தன. இன்னும் 7 மாதம் கழித்து அந்தப் பந்தை எடுக்கத் திரும்பியிருக்கலாம்.

பழைய வலியும் புதிய கிழிசலும் ஒன்றல்ல என்று மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டாள். நிபுணரின் கடிதம் இருந்தால் வாதாடலாம். அந்நாட்டில் நிதிச் சேவைகளுக்கென்று குறைதீர்ப்பு அமைப்பும் இருக்கிறது. ஆனால், நிபுணரைப் பார்ப்பதற்குத்தானே காப்புறுதியைக் கேட்டோம்? சேரும்போதே முழு மருத்துவ விவரத்தையும் எழுதிக்கொடுக்கும் இன்னொரு முறை உண்டு. அதில் எது சேரும், எது சேராது என்பது முதல் நாளே கையெழுத்தாகிவிடும். என்னிடம் யாராவது யோசனை கேட்டால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். கேள்வி கேட்காமல் காப்புறுதி விற்பவர், அந்தக் கேள்விகளை நமக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒத்திப்போடுகிறார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. நான் ஏப்ரலில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, குடும்ப மருத்துவர் அவளை எலும்பு நிபுணருக்குப் பரிந்துரை செய்துகொண்டிருந்தார். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் முதல் சந்திப்புக்கே 30 வாரங்கள் ஆகும் என்றது கணினி. இங்கிலாந்தில் நோயாளிக்குத் தன் மருத்துவமனையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதை அந்த மருத்துவரே நினைவுபடுத்தினார். அந்தப் பட்டியலில் என்.எச்.எஸ்.ஸுடன் ஒப்பந்தம் செய்துள்ள தனியார் மருத்துவமனைகளும் வரும். மருமகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "மாமா, இதைப் பாருங்கள்" என்றார். ஒரு மணி நேரப் பயணத்தில், ஐந்து வாரத்தில் சந்திப்பு தரும் ஒரு தனியார் மருத்துவமனை. காப்புறுதியை ஏற்றிருந்தால் நிறுவனம் அனுப்பியிருக்கக்கூடிய அதே மாதிரி இடம். செப்டம்பரில் அங்கே துளைவழி அறுவை நடந்தது. கட்டணம் ஒன்றுமில்லை. காயத்திலிருந்து அறுவைவரை ஆறு மாதம் நொண்டினாள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. காப்புறுதி ஏற்கப்பட்டிருந்தால், அவளுடைய அலுவலகத் தோழி ஒருத்திக்கு நடந்ததைப்போல, எம்.ஆர்.ஐ. ஆறு நாளிலும் அறுவை ஒரு மாதத்திலும் முடிந்திருக்கும்.

இடையில், மே மாதத்தில் ஒரு இரவு மருமகனுக்கு நெஞ்சில் இறுக்கம். வயது 38. நான் வாய் தவறி, "காப்புறுதி அட்டை எங்கே?" என்றேன், மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. என்.எச்.எஸ். அவசரப் பிரிவில் நுழைந்த சில நிமிடங்களில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள்; இரத்தமும் எடுத்தார்கள். அது மாரடைப்பு இல்லை என்று தெளிவானதும் அவர் அவசரக்காரர்களின் வரிசையிலிருந்து காத்திருப்பவர்களின் வரிசைக்கு இறங்கினார். சுவரில் இருந்த திரை, மருத்துவரைப் பார்க்க 7 மணி நேரம் என்று காட்டியது. கால் கட்டுடன் ஒரு கிழவர், குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்த ஒரு தாய், காலியாகிப்போன சிற்றுண்டி இயந்திரம், தரையோடு ஆணியடித்த நாற்காலிகள். இரண்டாவது இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து, இரைப்பை அமிலம்தான் என்று சொல்லி அனுப்பும்போது காலை ஆறு மணி. அங்கே நூறு பவுண்டு காப்புறுதி கட்டுபவரும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

போகிற போக்கில் ஒன்று: பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மைப் போன்றோர், பயணக் காப்புறுதி இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. குடும்ப மருத்துவரும் அவசரப் பிரிவும் நமக்கும் இலவசம்தான். ஆனால், வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டு வருகையாளரிடம் என்.எச்.எஸ். வழக்கமான செலவில் 150 விழுக்காட்டை வசூலிக்கும்.

தனியார் காப்புறுதிக்கு அங்கே ஆள் சேர்வது ஏன் என்பதும் புரியாமல் இல்லை. பரிந்துரையிலிருந்து 18 வாரங்களுக்குள் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்தின் என்.எச்.எஸ். 2016க்குப் பிறகு எட்டியதே இல்லை. 2023இல் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. புற்றுநோய்க்கென்று வைத்திருக்கும் 62 நாள் இலக்கும் பல ஆண்டுகளாகத் தவறிக்கொண்டிருக்கிறது. இந்தக் காப்புறுதிகளில் எனக்கு உண்மையிலேயே மதிப்பு வாய்ந்ததாகத் தோன்றிய பகுதி புற்றுநோய்க் காப்புதான், என்.எச்.எஸ். இன்னும் அனுமதிக்காத சில மருந்துகளுக்கும் சில நிறுவனங்கள் பணம் தருகின்றன. குடும்பத்தில் அந்த நோய் வந்த வரலாறு உள்ளவர் என் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சொந்தத் தொழில் செய்பவரும் அப்படித்தான். ஆறு மாதம் நொண்டினால் அவருக்கு வருமானமே நின்றுவிடும், என் மகளுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

கட்டணம் ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். 58 பவுண்டு முதல் புதுப்பிப்பில் 66 ஆனது, பிறகு 71. அவள் ஒரு காசுகூட வாங்கவில்லை. வயதும் மருத்துவச் செலவும் ஏறினால் கட்டணம் ஏறும் என்பது நமக்குப் புதிதல்ல. 2024இல் நம் மருத்துவ அட்டைகளுக்கு வந்த உயர்வுக் கடிதங்களைப் பார்த்து நாடே கூச்சலிட, டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. நாம் உயர்வைச் சகித்துக்கொள்வதற்குக் காரணம், அட்டை போனால் முழு மருத்துவமனையும் போகும் என்ற பயம். என் மகளுக்கு அந்தப் பயம் தேவையில்லை. அவள் விட்டுவிட்டால் போவது வரிசையைத் தாண்டும் சீட்டு மட்டும்.

அங்கே இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முப்பதுகளில், மாதச் சம்பளத்தில், ஆரோக்கியமாக இருப்பவர் தனியொருவர் காப்புறுதியைச் சொந்தப் பணத்தில் வாங்குவதைவிட, அந்தப் பணத்தை ஒதுக்கி வைப்பது மேல். தாமதத்தின் பெரும்பகுதி நோயைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே போய்விடுகிறது. சில நூறு பவுண்டு கொடுத்து எம்.ஆர்.ஐ.யை மட்டும் தனியாரிடம் எடுத்துக்கொண்டு, சிகிச்சைக்கு என்.எச்.எஸ்.ஸுக்கே திரும்புவதை யாரும் தடுப்பதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் "ஆறு வார" விருப்பத்தைக் கேளுங்கள்: ஆறு வாரத்துக்குள் என்.எச்.எஸ். அறுவை செய்ய முடிந்தால் அங்கே, இல்லாவிட்டால் தனியாரிடம். அதற்குக் கட்டணம் குறைவு; இன்றைய வரிசையின் நீளத்தில் ஆறு வாரம் என்பது பெரும்பாலும் தாண்டிவிடக்கூடியதே. எல்லாவற்றிலும் நல்லது, பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கூட்டாக எடுத்துத் தருவது. முந்தைய நோய்களைக் கணக்கில் எடுக்காத ஏற்பாடு சிலவற்றில் உண்டு. முதலாளி கட்டும் தொகை சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும் என்றாலும், வரி மட்டும்தானே நம்முடையது.

மருமகன் அண்மையில் வேலை மாறினார். புதிய நிறுவனத்தில் கூட்டுக் காப்புறுதி இருக்கிறது என்றதும், அவரிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்கச் சொன்னேன்: மனைவியின் முந்தைய உபாதைகளும் சேருமா? சேரும் என்று மனிதவளப் பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்த வாரமே மகள் தன் தனிக் காப்புறுதியை ரத்து செய்தாள். படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில் "அப்பா சொன்னார்" என்று எழுதினாளாம். சேர்ந்தபோதும் அதுதானே காரணம்.